குளிரில் திறக்கும் மணிகள்

வைஷ்ணவி செய்யும் மணிகள் மட்டும் எப்படிச் சரியாக வருகின்றன என்பது பாமாவுக்குப் புரியவில்லை. புரியாத வரைக்கும் அவளால் நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

புனேயின் போசரி தொழிற்பேட்டையில், லேத் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தச் சிறிய நிறுவனம். சர்க்கரை நோயாளிகளின் காலில் ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கு மருந்து கொண்டுபோகும் ஒருவகை ஜெல் மணிகளை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வெறும் கண்ணுக்கு ஈர மாவுபோல இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் வேகவைத்த ஜவ்வரிசி. குளிர்ந்த தண்ணீரில் அந்த மணிகள் ஊதிப் பெருத்து, கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அப்போது மருந்தை விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். உடம்புச் சூடு பட்டதும் சுருங்கி, பால்போல் வெளுத்து, உறிஞ்சியதை வெளியே விட்டுவிடும்.

ஆனால் வெறும் மணி போதாது. சூடு பட்டால் முதலில் இறுகுவது அதன் மேல்தோல்தான். தோல் இறுகிவிட்டால் மருந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் மணிக்குள் துளைகள் வேண்டும். அதற்கான வழியைக் கண்டுபிடித்தவள் பாமா. மணி உருவாகும்போதே கலவைக்குள் நுண்ணிய சுண்ணாம்புத் தூளைச் சேர்த்துவிடுவாள். மணி கெட்டியானபின் அமிலம் கலந்த தண்ணீரால் கழுவினால் தூள் கரைந்து வெளியேறிவிடும். தூள் இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். கழுவும் வேலை மெதுவானது. சனிக்கிழமை மதியம் மணிகளைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பிவிட்டுக் கிளம்பினால், முதலில் அமிலத் தண்ணீரும் பிறகு நல்ல தண்ணீரும் தாமாகவே சொட்டிச் சொட்டி இறங்கும். திங்கட்கிழமை காலையில் மணிகள் தயாராக இருக்கும்.

குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் வந்தன. ஹோலி முடிந்ததும் எல்லாம் மாறிப்போனது. திங்கட்கிழமை குழாயைத் திறந்தால் மணிகளுக்குள் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. ஒரு துளைகூட இல்லை. பாமா அமிலத்தை மாற்றிப் பார்த்தாள், தூளை மாற்றிப் பார்த்தாள், தண்ணீரையே வேறு இடத்திலிருந்து வரவழைத்துப் பார்த்தாள். பலன் இல்லை.

வைஷ்ணவி பிப்ரவரியில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எல்லோரும் வைஷு என்பார்கள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வீடு தாபோடியில். அவள் தனியாகச் செய்த முதல் தொகுதியும் பாமாவுடையதைப் போலவே கெட்டுப்போனது. அதற்குப் பிறகு அவள் செய்தது ஒன்றுகூடக் கெடவில்லை. ஒரே கலவை, ஒரே அடுப்பு, ஒரே அமிலம். அவள் குழாயிலிருந்து மட்டும் பஞ்சுபோலத் துளை துளையாக மணிகள் வந்தன.

"வைஷு கை ராசியான கை," என்று நிறுவனத்தின் தலைவர் மகாதேவன் எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு பாமாவிடம் திரும்பி, "நீங்க ஒருதடவை அவகூட நின்னு பாருங்களேன் பாமா. என்ன வித்தியாசமா செய்றான்னு தெரிஞ்சுக்கலாம்," என்றார்.

தான் கண்டுபிடித்த வழியைத் தன்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவளிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். பாமா சிரித்தபடி தலையாட்டினாள். அந்த வாரம் முழுக்க வைஷுவின் பக்கத்திலேயே நின்றாள். எண்ணெயில் கலவையைத் துளிகளாக்குவது, நைட்ரஜன் விடுவது, சூடேற்றுவது எல்லாம் பாமா சொல்லிக்கொடுத்தபடியேதான் நடந்தன. சனிக்கிழமை மதியம் வந்தபோதுதான் வைஷு ஒரு மாதிரியானாள்.

"நீங்க போங்க மேடம். உங்களுக்கு மகர்பட்டா வரைக்கும் போணும் இல்ல? டிராஃபிக் ஆயிடும். நான் லோட் பண்ணிட்டுப் போறேன்."

"பரவால்ல வைஷு. நானும் இருக்கேன்."

"நீங்க நின்னா எனக்கு நர்வஸ் ஆகுது. ப்ளீஸ்."

பாமா இறங்கிப் போனாள். ஆனால் படிக்கட்டில் இறங்கும்போதே ஒரு எண்ணம் மனதில் விழுந்துவிட்டது. குளிர்காலத்தில் செய்த நல்ல மணிகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை எடுத்து, தான் செய்தவை என்று வைஷு காட்டுகிறாளோ?

அடுத்த வாரம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பழைய புட்டிகளின் மூடி ஓரத்தில் நிறமில்லாத நகப்பூச்சால் மெல்லிய கோடு போட்டு வைத்தாள். மூடியைத் திருகினால் கோடு உடையும். திங்கட்கிழமை போய்ப் பார்த்தாள். ஒரு கோடுகூட உடையவில்லை. வைஷுவின் மணிகளோ மறுபடியும் அருமையாக வந்திருந்தன. கோடு உடையாததில் பாமாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் வேறு எதையோ செய்கிறாள் என்றுதான் தோன்றியது.

அதற்கடுத்த சனிக்கிழமை பாமா வாசல்வரை போய்விட்டு, ஏதோ மறந்தவள்போல மாடிப்படியில் பாதிவரை திரும்ப ஏறி நின்றாள். மேலே வைஷுவின் குரல் கேட்டது. கைபேசியில் மராத்தியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"குணாலா ஸாங்கூ நகோஸ். மீ ஆத்தா கேவூன் யேதே."

கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கு வருடமான பாமாவுக்குத் தெரிந்த மராத்தி கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே இதற்குப் போதுமாக இருந்தது. யாரிடமும் சொல்லாதே. இப்போது எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பாமா சட்டென்று இறங்கி லேத் பட்டறைக்குள் ஒதுங்கிக்கொண்டாள். தெர்மோகோல் பெட்டி ஒன்றைத் துப்பட்டாவால் மூடி மார்போடு அணைத்தபடி வைஷு வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஸ்கூட்டியின் கால்மாட்டில் பெட்டியை வைத்து, கால்களால் அணைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

பாமா மேலே ஓடினாள். வைஷுவின் கண்ணாடிக் குழாயில் வழக்கம்போல நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே இருந்த மணிகளில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தது. போன மாதம் ஒரு சோதனைக்காகச் சாயம் ஏற்றி, கெட்டுப்போய், கழிவுக்கென்று ஒதுக்கி வைத்த மணிகள் அவை. அவற்றைக் குழாயில் போட்டுக் கண்ணுக்குக் காட்டிவிட்டு, நல்ல மணிகளை வெளியே கொண்டுபோயிருக்கிறாள்.

தான் நினைத்தது சரிதான் என்ற திருப்தி வந்தது.

ஞாயிறு காலை காபியோடு கணவன் சேஷுவிடம் சொன்னாள். சேஷுவுக்கு மகர்பட்டாவிலேயே மென்பொருள் வேலை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் அவன். "எங்க டீம்ல ஒருத்தன் ஆறு மாசம் உக்காந்து எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டு ஹிஞ்சேவாடில வேற கம்பெனில சேர்ந்துட்டான். ரொம்ப அமைதியான பையன். நாளைக்கே மகாதேவன்கிட்ட சொல்லிடு."

"எங்க கொண்டுபோறான்னு தெரியாம என்னன்னு சொல்றதுங்க?"

"அப்போ தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு."

அந்த வாரம் பாமாவுக்கு எல்லாமே தடயமாகத் தெரிந்தன. வைஷு கைபேசியைக் கவிழ்த்து வைப்பது, தான் உள்ளே வந்தால் அலமாரியைச் சாத்துவது, புட்டிகளின் மேல் ஒட்டும் நாடாவில் கையெழுத்துப் போட்டு ஒட்டுவது. திருடுகிறவளுக்கு எதற்கு இத்தனை காவல் என்று ஒரு கணம் தோன்றியதுதான். அந்தக் கேள்வியின் பின்னால் பாமா போகவில்லை.

சனிக்கிழமை வைஷுவின் ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் பாமா ஒரு ஆட்டோ ரிக்ஷாவில் ஏறினாள். ஹிஞ்சேவாடிப் பக்கம்தான் போவாள் என்று எதிர்பார்த்தாள். ஸ்கூட்டி நாசிக் பாட்டா சந்திப்பில் திரும்பி, மெட்ரோ பாலத்தின் நிழலிலேயே போய், தாபோடியில் ஒரு பழைய குடியிருப்புக்குள் நுழைந்தது. பெட்டியோடு இரண்டாவது மாடிக்கு ஏறினாள் வைஷு.

எதிரே இருந்த ரஸவந்தியில் ஒரு கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு பாமா உட்கார்ந்தாள். யாராவது கார் கொண்டுவந்து பெட்டியை வாங்கிப் போவார்கள் என்று வாசலையே பார்த்திருந்தாள். யாரும் வரவில்லை. ஏப்ரல் வெயிலில் தெருவே வெறிச்சென்று கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வைஷு மட்டும் கீழே வந்தாள். கையில் பெட்டி இல்லை. துணிப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போய்விட்டாள்.

பாமா எழுந்தாள். படியேறும்போது, என்ன சொல்லி உள்ளே போவது என்றுகூட அவள் யோசித்திருக்கவில்லை. மணி அடித்ததும் கதவைத் திறந்தது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். கையில் கரண்டி இருந்தது.

"நான் வைஷுகூட வேலை செய்றேங்க. பாமா."

"பாமா மேடமா! வாங்கோ வாங்கோ. நான் அவ அம்மா, விசாலம். இப்பத்தான் தூத் பாக்கெட் வாங்கக் கீழ போனா. வந்துடுவா, உள்ள வாங்கோ. பங்கா கீழ உக்காருங்கோ. என்ன வெயில் பாருங்கோ, ஒரே தக்லீஃப்."

வீட்டில் மறைப்பதற்கு இடமே இருப்பதாகத் தெரியவில்லை. கூடமும் சமையலறையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. தெர்மோகோல் பெட்டி சமையல் மேடையில் திறந்து கிடந்தது. காலியாக.

"அந்தப் பெட்டியில வைஷு ஒண்ணு கொண்டு வந்தாங்களே..." என்று பாமா மெல்ல ஆரம்பித்தாள்.

"உங்க ஆஃபீஸ் சாபுதானா, அந்த ஜவ்வரிசிதானே? அத ஏன் கேக்கறேள்!" விசாலம் குளிர்பெட்டியைத் திறந்தாள். "வாராவாரம் இது ஒரு ரோதனை. எங்கேயும் இடம் இல்லே. யாரும் தொடக்கூடாது, யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு தம்பி கிட்டுவுக்கு வேற ஆர்டர். கிட்டுவும் அவளும் மராத்தில குசுகுசுன்னு பேசிப்பா. ஏதோ மருந்துன்னு சொல்றா. நான் என்னத்தைக் கண்டேன்."

தோசை மாவுப் பாத்திரத்தையும் ஸ்ரீகண்ட் இனிப்பு டப்பாவையும் நகர்த்தி, பின்னாலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். "மோர் எடுக்கணும், அதான் இத வெளில வச்சேன். நீங்க மோர் சாப்பிடறேளா?"

பாமா புட்டியின் பக்கம் குனிந்தாள். புட்டியில் தண்ணீரும் அடியில் மணிகளும் இருந்தன. மூடியில் சின்னக் குழாய் ஒன்று செருகியிருந்தது. சுண்ணாம்பு கரையும்போது வரும் வாயு வெளியேறுவதற்காக. மணிகளிலிருந்து நூல்போல மெல்லிய குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. வைஷு யாருக்கும் விற்கவில்லை. வீட்டில் வைத்துக் கழுவுகிறாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சமையலறை வெந்துகொண்டிருந்தது. விசாலம் மோரை ஆற்றி உப்புப் போடும் நேரத்துக்குள் புட்டியின் அடுப்புப் பக்க ஓரத்தில் மணிகள் மங்கின. மங்கல் பரவி, வெண்மையாகி, பால் தெளித்ததுபோல் ஆனது. குமிழிகள் குறைந்தன. பிறகு நின்றன.

இதை பாமா நூறு தடவை பார்த்திருக்கிறாள். பார்க்க வந்தவர்களுக்கு உள்ளங்கையில் புட்டியை வைத்துக் காட்டி வித்தை செய்தவள் அவள்தான். சூட்டில் மணி மூடிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமே இல்லை. மூடிய மணிக்குள் அமிலம் போகாது என்பதைத்தான், குமிழி நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை, அவள் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்க வேண்டிய நேரத்தில் புட்டி மூடிகளுக்கு நகப்பூச்சுத் தடவிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலைகளில் ஆய்வறையைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் புழுக்கம் நினைவுக்கு வந்தது.

"மேடம்?"

வாசலில் வைஷு நின்றாள். பால் பை கையில். பாமாவையும், அடுப்பு மேடையில் இருந்த புட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓடிவந்து புட்டியை எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீங்க இங்க எப்படி?"

"உன் பின்னாடியே வந்தேன்," என்றாள் பாமா. பொய் சொல்ல எதுவும் வாயில் வரவில்லை.

"என் பின்னாடியா? மத்லப்... ஃபாலோ பண்ணீங்களா?"

"பெட்டிய வெளிய எடுத்துட்டுப் போறதப் பார்த்தேன். குழாயில பழைய மணியப் போட்டு ஏமாத்தறதையும் பார்த்தேன். நீ வேற கம்பெனிக்குக் கொடுக்கறேன்னு நெனச்சேன்."

வைஷுவின் முகம் சிவந்தது. "நானா? நீங்கதான் மேடம் என் ஃபர்ஸ்ட் பேட்ச்ல கை வச்சீங்கன்னு நான் நெனச்சேன்!"

"நான் எதுக்கு வைக்கணும்?"

"உங்களுக்கு வரல, எனக்கும் வரக்கூடாதுன்னு. சனிக்கிழமை ராத்திரி, சண்டே எல்லாம் லேப்ல யாரும் இல்ல. சாவி உங்ககிட்டயும் சார்கிட்டயும்தான் இருக்கு. அதான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். இங்க யாரும் தொட மாட்டாங்க. அப்புறம் எல்லாம் சரியா வந்துது. அப்போ டவுட்டே இல்லைன்னு ஆயிடுச்சு."

"நான் தொடல வைஷு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

விசாலம் இருவரையும் பார்த்தபடி மோர் டம்ளரோடு நின்றாள். "என்னடீ இது? இந்த புட்டில என்ன இருக்கு? மருந்துதானே?"

பாமாதான் சொன்னாள்: "இன்னும் மருந்து ஆகலீங்க. இப்போதைக்கு அமிலத் தண்ணி. மணியாகாம மிஞ்சின கெமிக்கலும் கொஞ்சம் இருக்கும். சாப்பாட்டுக்கூட வைக்கற சாமான் இல்லீங்க."

விசாலம் டம்ளரை மேடையில் வைத்தாள். தோசை மாவுப் பாத்திரத்தை எடுத்தாள், ஸ்ரீகண்ட் டப்பாவை எடுத்தாள், தயிர்ப் பாத்திரத்தை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். "உங்கப்பாவுக்கு இதுல இருந்துதானே தினம் தயிர் சாதம் போடறேன்," என்று மட்டும் சொன்னாள். மகள் பக்கம் திரும்பவேயில்லை.

வைஷு அழ ஆரம்பித்தாள். பாமாவுக்கு ஆறுதல் சொல்லவும் வரவில்லை, அங்கிருந்து கிளம்பவும் முடியவில்லை.

"என்கூட லேபுக்கு வா," என்றாள் கடைசியில். "இப்பவே. ஒண்ணு பாக்கணும்."

புட்டியைப் பனிக்கட்டியோடு பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே ஸ்கூட்டியில் போனார்கள். வெயில் சாய்ந்திருந்தும் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தன. ஆய்வறையின் கதவைத் திறந்ததும் இருவர் முகத்திலும் அனல் அடித்தது. ஏசி ஓடவில்லை. பாமா சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. கீழே ஏசிக்கான மெயின் சுவிட்சையே இறக்கியிருந்தார்கள்.

பாமாவின் குழாயில் இருந்த மணிகள் சுண்ணாம்படித்த சுவர்போல வெளுத்திருந்தன. அமிலத் தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு, உள்ளே போகாமல், சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அறையின் வெப்பமானி முப்பத்தெட்டைக் காட்டியது. மணிகள் மூடிக்கொள்ள முப்பத்திரண்டே போதும்.

வைஷு குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "குளிர்காலத்துல ஏசி இல்லாமலே ரூம் குளுகுளுன்னு இருந்துச்சு," என்றாள் தனக்குள் பேசுவதுபோல.

"ஆமா. திங்கக்கிழமை நாம வர்றதுக்குள்ள அமிலம் எல்லாம் இறங்கிடும். அப்புறம் ஏசி போட்டு, மணி திறந்து என்ன பிரயோஜனம்?"

"அப்போ யாருமே ஒண்ணும் பண்ணல."

"யாரும் பண்ணல."

அதைக் கேட்டு இருவரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. வைஷு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஆனா நீங்க என்னைச் சோர்னு, திருடின்னு நெனச்சீங்க," என்றாள்.

"நீ என்னை என்னன்னு நெனச்சே?" என்று பாமா கேட்டாள்.

திங்கட்கிழமை மகாதேவனிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். ஏசியை நிறுத்தச் சொன்னது அவர்தான் என்பது உடனே தெரிந்தது. போன வருடமே காவலாளியிடம் சொல்லிவிட்டு மறந்திருந்தார். "ஆளே இல்லாத ரூமுக்கு எதுக்கு ஏசின்னு நெனச்சேன்," என்றார். சொல்லும்போது அவர் பார்வை மேசையைவிட்டு எழவில்லை. இவர் நிஜமாகவே மறந்துதான் போனாரா என்று பாமாவுக்கு ஒரு நொடி தோன்றியது. இப்படி நினைப்பது தனக்குப் பழக்கமாகிவிட்டது என்பதும் கூடவே உறைத்தது.

"சரி, காரணம் கிடைச்சாச்சு. ஒரு குளிர் அலமாரி வாங்கிடலாம்," என்றார் மகாதேவன். "வைஷு, நீ செஞ்சது தப்பு. இனிமே கூடாது. ஆனா மணி நல்லாத்தானே வந்திருக்கு? டாக்டர் ரஃபீக்குக்கு அனுப்பினது அனுப்பினதாவே இருக்கட்டும்."

டாக்டர் முகமது ரஃபீக் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் அறுவை மருத்துவர். வைஷுவின் மணிகளை முயல்களின் காயத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை அந்த வாரம்தான் தொடங்கவிருந்தார். மனிதர்களுக்குப் போகும் வழியில் அதுதான் முதல் படி.

"சார், அந்த மணி தோசை மாவுக்குப் பக்கத்துல இருந்து வந்திருக்கு," என்றாள் பாமா. "அதுல என்ன ஒட்டியிருக்குன்னு யாருக்கும் தெரியாது. காயம் சீழ் பிடிச்சா நம்ம மணியாலன்னு நெனைப்பாங்க. ஆறிட்டா அதையும் நம்ப முடியாது."

"இது இந்த ரூமுக்குள்ள இருக்கற மூணு பேருக்குத்தான் தெரியும் பாமா."

"அவர் கேட்டா?"

"கேட்க மாட்டார். கேட்டா..." மகாதேவன் வைஷுவை ஒரு தடவை பார்த்தார். "ஒரு ஜூனியர் எங்களுக்குத் தெரியாம செஞ்சுட்டான்னு சொல்லிக்கலாம்."

வைஷு பாமாவைத்தான் பார்த்தாள். கெஞ்சும் பார்வை அல்ல அது. நீயும் இதற்குத் தலையாட்டத்தானே போகிறாய் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் பார்வை. பாமாவுக்கு அது தாங்கவில்லை.

அன்று மதியமே ரிக்ஷா பிடித்து மருத்துவமனைக்குப் போனாள். ரஃபீக் வாணியம்பாடிக்காரர், தமிழ் பேச ஆள் கிடைத்தால் தேநீர் சொல்லி உட்காரவைத்துவிடுவார். பாமா தேநீர் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். வீட்டுக் குளிர்பெட்டி, அமிலம், ஏசி, தான் பின்தொடர்ந்து போனது உட்பட. வைஷுவின் பெயரைச் சொன்ன இடத்திலெல்லாம் தன் பெயரையும் சேர்த்தே சொன்னாள். கழுவும் முறை தன்னுடையது, அறையின் சூட்டைப் பார்க்காமல் விட்டதும் தான்தான் என்றாள்.

ரஃபீக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்லலன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார்.

"தெரியும் டாக்டர்."

"நாளைக்கு முயலுக்கு மயக்கம் கொடுக்கறதா இருந்தோம். நல்லவேளை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வந்து சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. இனிமே உங்க இடத்துல இருந்து எது வந்தாலும் நான் முதல்ல சந்தேகப்பட்டுத்தான் திறப்பேன். இங்கயே ஒருதடவை எல்லாச் சோதனையும் செஞ்ச பிறகுதான் தொடுவேன்."

"செய்யுங்க," என்றாள் பாமா.

மணிகள் அத்தனையும் கழிவுத் தொட்டிக்குப் போயின. ஆய்வு இரண்டு மாதம் தள்ளிப்போனது. மகாதேவன் பாமாவிடம் வேலை தவிர வேறு எதுவும் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கூட்டங்களுக்குக் கூப்பிடுவதையும் குறைத்துக்கொண்டார். ஆனால் குளிர் அலமாரி வந்தது. கழுவும் குழாய்கள் அதற்குள் இடம் மாறின. வைஷுவுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்ததோடு விட்டுவிட்டார்கள். எச்சரிக்கையில் பாமாவின் பெயரும் இருந்தது. அதை அவளே கேட்டுச் சேர்க்கச் சொல்லியிருந்தாள்.

ஜூனில் முதல் மழை பெய்த வாரம் புதிய தொகுதி வெளியே வந்தது. பாமா செய்தது ஒன்று, வைஷு செய்தது ஒன்று. நுண்ணோக்கியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இரண்டிலும் தேன்கூடுபோலத் துளைகள். எது யாருடையது என்று சொல்லமுடியாதபடி ஒரே மாதிரி இருந்தன. ரஃபீக் சொன்னபடியே எல்லாவற்றையும் தன் இடத்தில் மறுபடி சோதித்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று ஒரே வரியில் செய்தி அனுப்பினார்.

"வந்துடுச்சு மேடம்," என்றாள் வைஷு.

"வந்துடுச்சு," என்றாள் பாமா. தோளில் தட்டலாமா என்று கையைத் தூக்கி, மேசை விளக்கை அணைத்தாள்.

வைஷு மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். டாக்டரிடம் பாமா என்ன சொன்னாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "சார் சொன்னதுக்கு நீங்க ஓகே சொல்வீங்கன்னுதான் நெனச்சேன். சொல்லல. தேங்க்ஸ்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நீங்க ரிக்ஷால என் பின்னாடி வந்தது இருக்கு பாருங்க, அது இன்னும் மனசுல இருந்து போகல மேடம். ரோட்ல போறப்போ இப்பவும் கண்ணாடில பின்னாடி பாக்கறேன்."

"எனக்கும் போகல," என்றாள் பாமா.

ஆய்வறையில் இப்போது சனிக்கிழமையும் இருவர் மாலைவரை இருக்கவேண்டும் என்று விதி. அப்படி ஒரு சனிக்கிழமை பாமாவின் கைபேசி அடித்தது. தெரியாத எண்.

"நான் விசாலம் பேசறேன். வைஷு அம்மா." குரல் தணிந்திருந்தது. "ஒண்ணும் இல்லே. அவ அங்கதானே இருக்கா? ஆஃபீஸ்லதானே?"

"இங்கதான் இருக்காங்க. பக்கத்து மேசையில."

"வரும்போது கைல எதுவும் எடுத்துண்டு வரலையே?"

"இல்லீங்க. இப்போ எதுவும் வெளிய போறதில்ல."

"அவகிட்ட கேட்டா கோவிச்சுக்கறா. அதான் உங்களைக் கேட்டேன். நான் போன் பண்ணினேன்னு சொல்லாதேள், என்ன?"

பாமா நிமிர்ந்தாள். வைஷு வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவா?" என்று கேட்டாள்.

மறுமுனையில் விசாலம் இன்னும் காத்திருந்தாள். பாமா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "ஆமா, உங்கம்மாதான்," என்று சொல்லி, கைபேசியை வைஷுவிடம் நீட்டினாள்.